ராட்டினத்துக்கு நல்ல நாள்

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். பால் காய்ச்ச, காது குத்த, போர் போட, புது பைக் எடுக்க என்று எல்லாவற்றுக்கும் காலண்டரைப் புரட்டுகிறோம். ராகுகாலம் முடியட்டும் என்று ஷோரூம் வாசலில் காத்து நிற்கிறோம். குடும்பத்தோடு தீம் பார்க் போவதற்கு மட்டும் நாம் யாரும் நாள் பார்ப்பதில்லை. "மே மாசம் லீவுல போவோம்." அவ்வளவுதான். ஏன் மே என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "பின்னே எப்ப போறதாம்?" என்று பதில் கேள்வி வரும்.

எப்போது போகலாம் என்பதற்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புளியங்குடியில் தீம் பார்க் கிடையாது. எலுமிச்சை மண்டி இருக்கிறது, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது, ஊரைக் கிழித்துக்கொண்டு திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை போகிறது. அந்தச் சாலையில் வடக்கே போனால் மதுரை, அங்கே அதிசயம். தெற்கே திரும்பி, செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் கேரளா, கொச்சி, வொண்டர்லா. கோயம்புத்தூரில் சொந்தம் இருக்கிறவர்கள் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரைச் சொல்வார்கள். ஆக, எங்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் வேன் பிடிக்க வேண்டும், அல்லது ராத்திரி ரயில். போகிற வழியிலேயே பாதி உற்சாகம் செலவாகிவிடும். அதனால்தான் நாள் தப்பாக அமைந்தால் எங்களுக்கு வலிக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறவர்கள் 'சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்று திரும்பிவிடலாம். இருநூறு கிலோமீட்டர் போனவன் அப்படிச் சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டில் இந்த மோகம் ரொம்பப் பழசும் இல்லை. 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. கட்டியவர் நவோதயா அப்பச்சன். 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்து நமக்கெல்லாம் காகிதக் கண்ணாடி மாட்டிவிட்டவர். 2000-ல் கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரையில் வீகாலேண்ட். வீட்டு வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்த வி-கார்டு கம்பெனி ஆரம்பித்தது. கரண்ட் ஏறி இறங்கக் கூடாது என்று பாடுபட்டவர்கள், மனுசனை ஏற்றி இறக்கிக் காசு பார்த்தார்கள்! அதுதான் பிறகு வொண்டர்லா ஆனது. 2005-ல் பெங்களூர், 2016-ல் ஹைதராபாத், 2024-ல் புவனேஸ்வர், 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம். இப்போது சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால் அங்கேயும் போகலாம். இடம் கூடிவிட்டது. நாள்தான் இன்னும் அதே மே மாதம்.

மே மாதத்தில் என்ன கெடுதல் என்று சொல்கிறேன். வெயிலைச் சொல்லப்போகிறேன் என்று நினைப்பீர்கள். வெயில் இரண்டாவது. முதலில் ஒரு சின்னக் கணக்கு.

24 பேர் உட்காரும் ஒரு ராட்டினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளை ஏற்றி, பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்கிவிட 5 நிமிஷம். மணிக்கு 12 நடை. அதாவது 288 பேர். சரியாக மணிக்கு 280 பேர் வந்தால் பெரிய வரிசையே இருக்காது. வந்தோம், நின்றோம், ஏறினோம். அதே ராட்டினத்துக்கு மணிக்கு 350 பேர் வருகிறார்கள். எவ்வளவு கூடுதல்? நாலில் ஒரு பங்கு. பார்வைக்கு 'கொஞ்சம் கூட்டம்', அவ்வளவுதான். ஆனால் மணிக்கு 62 பேர் மிச்சம் நிற்பார்கள். காலை 11 மணிக்குத் திறந்தால் மத்தியானம் 3 மணிக்கு வரிசையில் 248 பேர். கடைசியில் போய் நிற்கிறவருக்கு 50 நிமிஷத்துக்கு மேல் காவல். கூட்டம் கால் பங்குதான் கூடியது, காத்திருப்பு எங்கிருந்து எங்கே போய்விட்டது பார்த்தீர்களா? இரண்டு நிமிஷச் சுற்றலுக்கு ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

அதனால்தான் மாசத்தைவிடக் கிழமை முக்கியம் என்கிறேன். ஒரே மாதத்தில் சனிக்கிழமையும் புதன்கிழமையும் வேறு வேறு உலகம். பார்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பல பார்க்குகளில் சாதாரண நாளுக்கு ஒரு டிக்கெட் விலை, சனி, ஞாயிறு, விடுமுறைக்கு ஒரு விலை. அந்த விலைப் பட்டியலே ஒரு பஞ்சாங்கம்தான். எந்த நாளில் விலை குறைவோ அந்த நாளில் கூட்டமும் குறைவு என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாம்தான் விலையை மட்டும் படித்துவிட்டு வருகிறோம்.

இதில் உலகத்துக்கே பெரியண்ணன் டிஸ்னி. 1955 ஜூலை 17-ல் கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்டைத் திறந்தார்கள். நல்ல கோடை. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்ததாம். பிளம்பர்கள் ஸ்டிரைக் செய்திருந்ததால் பல குழாய்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கள்ள டிக்கெட் அடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஜனம் உள்ளே வந்துவிட்டது. அந்த நாளுக்கு 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். அடுத்து ஃப்ளோரிடாவில் திறந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? 1971 அக்டோபர் 1-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், அக்டோபர்தான் அங்கே கூட்டம் குறைந்த மாதம். முதல் நாள் சுமார் 10,000 பேர்தான் வந்தார்கள், வேலைக்காரர்கள் நிதானமாகப் பழகிக்கொண்டார்கள். கடைக்காரனே கூட்டமில்லாத நாளாகப் பார்த்துத்தான் கடை திறக்கிறான். நாம் கூட்டத்தைத் தேடிப் போகிறோம்.

2006 சீனப் புத்தாண்டுக்கு ஹாங்காங் டிஸ்னிலேண்டில் நடந்தது இன்னும் மோசம். பார்க் நிறைந்துவிட்டது என்று கேட்டை அடைத்துவிட்டார்கள். வெளியே கையில் டிக்கெட்டோடு ஜனம். லீவில் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் சும்மா போவார்களா? வேலிக்கு மேலாகக் குழந்தைகளைத் தூக்கி உள்ளே கொடுத்தார்கள். நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அந்த மாதிரி குழந்தையைப் போட்டிருக்கிறார்கள். எந்த நாடானாலும் லீவு நாள் புத்தி ஒன்றுதான் போல.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ஒரு மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, சொந்தபந்தம் பதினாறு பேர் வேன் பிடித்து ஒரு பார்க்குக்குப் போனோம். பெயர் வேண்டாம். தேதி குறித்தது எங்கள் மாமா. அவர் குறித்த தேதியை மாற்றுவதற்கு அத்தைக்கே அதிகாரம் கிடையாது. தண்ணீர் ராட்டினங்களுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். மத்தியானம் ஒரு மணி வெயிலில் அந்தச் சிமென்ட் தரை இருக்கிறதே, தோசைக்கல்தான். பிள்ளைகள் ஒவ்வொரு நிழலாகத் தாவித் தாவி ஓடின. மாமா, நனைந்த துண்டைக் காலடியில் போட்டு, அதில் நின்று, பிறகு அதை எடுத்து முன்னால் போட்டு, இப்படியே முப்பது அடி நடந்தார். அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து ஏறியது நாலே நாலு ராட்டினம். சாயந்திரம் வேனில் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிவிட்டன. ஆச்சி மட்டும் முழித்திருந்தாள். அவள் காலையிலிருந்து பதினாறு பேரின் பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு, சாப்பாட்டு ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள். "எல்லாரும் நனைஞ்சிய. நான் வெந்தேன்" என்றாள். ஒரே வரி.

ஆச்சியின் அந்த வரியை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். தண்ணீரில் கிடக்கிறவனுக்கு எந்த மாதமும் ஒன்றுதான். நனைந்த உடம்புக்கு மே வெயில்கூடச் சுகம். பருவம் என்று ஒன்று பார்க்க வேண்டுமானால், பை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்காகப் பார்க்க வேண்டும். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. முழங்கால் வலி, பி.பி., அல்லது 'எனக்குத் தலை சுத்தும், நீங்க போங்க'. பெரும்பாலும் ஒரு ஆச்சி. சில வீட்டில் கைக்குழந்தைக்காரி. உங்கள் வீட்டில் யார் என்று இப்போதே மனசில் ஓடியிருக்கும். அவர்களை வைத்து மாதத்தைத் தேடுங்கள்.

தேடலாமா?

மார்ச், ஏப்ரல், மே எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு காரணத்தாலும் ஆகாது. வெயில் ஏற ஏற எலுமிச்சை விலை ஏறும். 2022 ஏப்ரலில் நாடு முழுக்க எலுமிச்சை விலை எகிறியது நினைவிருக்கிறதா? பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டி, பேப்பரெல்லாம் அதே பேச்சு. அந்த மாதிரி நேரத்தில் என் பெரியப்பா மகன், மண்டியில் கமிஷன் கடை வைத்திருக்கிற அண்ணன், கடையைச் சாத்திவிட்டு ராட்டினம் ஏற வருவானா? "பழம் தங்கமா போய்க்கிட்டு இருக்கு, ராட்டினமாம் ராட்டினம்" என்பான். மதினியும் பிள்ளைகளும் மட்டும் வருவார்கள். குடும்பத்தோடு என்பதில் குடும்பத் தலைவர் கழிந்துவிட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு சந்து உண்டு. கேரளாவில் பெரும்பாலும் ஜூன் பிறந்ததும் பள்ளிக்கூடம் திறந்துவிடுவார்கள். நம்மூரில் வெயிலைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடுவார்கள். 2022-ல் ஜூன் 13, 2023-ல் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, 2024-ல் ஜூன் 10. அந்த ஒரு வாரம், பத்து நாள், மலையாளப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும், நம் பிள்ளைகள் ராட்டினத்தில் இருக்கலாம். ஆனால் இதை நம்பி டிக்கெட் எடுக்க முடியாது. 2025-ல் இங்கேயும் ஜூன் 2-லேயே திறந்து, சந்தை அடைத்துவிட்டார்கள்.

ஜூன் நடுவிலிருந்து எங்களுக்குக் குற்றாலம். எங்கள் பகுதிக்கு ஆதி தீம் பார்க் அதுதானே! டிக்கெட் இல்லை, பெல்ட் இல்லை, அளவுகோல் இல்லை. மேற்கே மலையில் மேகம் இறங்கி, ஊருக்குள் சாரல் காற்று வந்துவிட்டால், தென்காசிப் பக்கம் இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு போன். "ஐந்தருவில தண்ணி எப்படி விழுது?" ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அருவிக்கும் சீசன் என்பது நாம் எழுதிய காலண்டர்தான், மலை அதைப் படிப்பதில்லை. 2024 மே 17-ல், சீசனே தொடங்காத நேரத்தில், பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். போலீஸ் கயிறு கட்டினால் வாக்குவாதம் பண்ணாமல் திரும்பிவிடுங்கள். அருவியில் எந்த ஆபரேட்டரும் ஸ்விட்சை அணைக்க முடியாது.

கேரளாவில் ஜூலை மழைக்காலமாயிற்றே, அங்கே போய்ப் பார்க்கில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நனையத்தானே போகிறோம்? மேலே இருந்து விழுந்தால் என்ன, குழாயிலிருந்து விழுந்தால் என்ன? இன்னொரு விஷயம். பார்க்குகள் பயப்படுவது மழைக்கு இல்லை, மின்னலுக்கு. மின்னல் அடித்தால் உயர ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். கேரளாவில் இடி மின்னல் அதிகம் என்பது ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும்தான். மத்தியானம் வரை சுள்ளென்று வெயில், நாலு மணிக்கு வானம் கறுத்து இடி. தென்மேற்குப் பருவமழையில் தண்ணீர்தான் நிறைய, இடி அவ்வளவு இருக்காது. ஆனால் ஒன்று, வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் வீட்டிலேயே இருங்கள். செங்கோட்டைக்கு அப்பால் மலைப்பாதை. மண் சரிந்தால் ராட்டினம் காத்திருக்கும், நாம் காத்திருக்க முடியாது.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்றால் ஓணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் கர்நாடகாவில் தசரா லீவு, பெங்களூர் நிறைந்துவிடும். பிறகு நமக்கு வடகிழக்குப் பருவமழை. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வெயில் இல்லை, ஆச்சிக்கு உகந்த காலம். ஆனால் அதுதான் பள்ளிக்கூடச் சுற்றுலா காலம். வாசலில் வரிசையாகச் சுற்றுலா பஸ். ஒரு பஸ்ஸுக்கு ஐம்பது பிள்ளைகள். ஒரே நிற பனியன், விசில் வைத்த வாத்தியார். நீங்கள் வரிசையில் நிற்கும்போது உங்களுக்கு முன்னால் ஒரு முழு ஹைஸ்கூல் நிற்கும். அரையாண்டு லீவும் கிறிஸ்துமஸும் சேர்ந்த அந்தப் பத்து நாள் மே மாதத்துக்குத் தம்பி. பிப்ரவரியில் சுற்றுலாக்கள் ஓய்ந்துவிடும், பரீட்சை தலைக்கு மேல் நிற்கும், பார்க் காலியாக இருக்கும். ஆனால் அதே பரீட்சை நம் வீட்டிலும் இருக்கிறதே!

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் மிஞ்சுவது ஆடி.

சிரிக்காதீர்கள். நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அந்த ஆடிதான். ஆடியில் கல்யாணம் கிடையாது. பங்குனியிலும் வைகாசியிலும் ஆவணியிலும் நம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் மொய்க் கவர்தானே தின்கிறது? ஆடியில் குடும்பம் சும்மா இருக்கிறது. நம் ஆடிதான் மலையாளத்தில் கர்க்கிடகம். அங்கேயும் அதைப் பஞ்ச மாதம் என்று ஒதுக்கி, ராமாயணம் படித்துக்கொண்டு, கர்க்கிடகக் கஞ்சி குடித்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். மலைக்கு இரண்டு பக்கமும் ஜனம் அடங்கியிருக்கிற ஒரே மாதம். பள்ளிக்கூடம் திறந்து ஆறு வாரம் ஆகியிருக்கும், பெரிய பரீட்சை எதுவும் பக்கத்தில் இல்லை, இரண்டு நாள் லீவு போட்டால் குடி முழுகாது.

கிழமைதான் சிக்கல். செவ்வாயும் வெள்ளியும் ஆச்சி விடமாட்டாள், அம்மனுக்கு உரிய நாள். அண்ணனும் விடமாட்டான், அம்மன் கோயில்களுக்கு எலுமிச்சை மாலை போகிற நாள், முந்தின தினம் மண்டியில் வேலை. திங்களும் வியாழனும் அதில் போய்விட்டன. சனி, ஞாயிறு நாமே வேண்டாம் என்றோம். புதன்கிழமை! பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சும்மா சொல்லியிருக்கமாட்டார்கள்.

இதைவிடக் கில்லாடித்தனமான ஒரு நாளும் இருக்கிறது. உள்ளூர் விடுமுறை. சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கு எங்கள் தென்காசி மாவட்டத்தில் லீவு விடுவார்கள். நம் பிள்ளைக்கு மட்டும் லீவு, மற்ற ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில். உங்கள் மாவட்டத்துக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும், தேரோ, கொடையோ, சந்தனக்கூடோ. மிகச் சரியான நாள். இந்த யோசனையை ஆச்சியிடம் சொன்னேன்.

"அங்க கோமதி ஊசி முனையில ஒத்தக்கால்ல தவம் நிக்கா. நீங்க ராட்டினம் ஏறப் போறியளோ?"

அத்தோடு அந்த யோசனை முடிந்தது. உங்கள் வீட்டு ஆச்சி கொஞ்சம் இளகினவளாக இருந்தால் முயன்று பாருங்கள்.

லீவு லெட்டர் பற்றி ஒரு வார்த்தை. தலைமுறை தலைமுறையாக நாம் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' எழுதியே பழகிவிட்டோம். ஆடி மாதம் புதன்கிழமை காய்ச்சல் என்று எழுதிவிட்டு, வியாழக்கிழமை பிள்ளை கன்னமெல்லாம் கறுத்து, கையில் பார்க்கின் காகித வளையத்தோடு வகுப்புக்குப் போகும். 'குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம், விட்ட பாடத்தை எழுதி முடித்துவிடுவாள்' என்று உள்ளதை எழுதிக் கொடுங்கள். நான் பார்த்தவரை டீச்சர்கள் திட்டுவதில்லை. "எந்த பார்க்குங்க, கூட்டம் எப்படி?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன.

இதுவரை சொன்னது மாதமும் கிழமையும். எந்த வருஷம் என்பதை எல்லாரும் விட்டுவிடுகிறோம். அதைச் சொல்ல எங்கள் எதிர்வீட்டுக்குப் போக வேண்டும்.

எதிர்வீட்டு பாய் தம்மாமில் வேலை பார்க்கிறார். எனக்குச் சின்ன வயசுச் சேக்காளி, மச்சான் என்றுதான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. எங்கள் ஊரில் இப்படிப் பல வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் ஜனவரி, ஏப்ரல் எல்லாம் கிடையாது. வாப்பா வந்திருக்கிற மாதம், வாப்பா இல்லாத மாதம், இரண்டே பருவம்தான். அவருக்கு ஒரே மகள். அவர் வந்தால் வொண்டர்லா என்று அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள்.

அங்கே வயசுக் கணக்கு கிடையாது, உயரக் கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 85-லிருந்து 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர். பெரிய ராட்டினங்கள் பலவற்றுக்கு 140 இருந்தால்தான் ஏற்றுவார்கள். நியாயம்தான், பெல்ட்டும் கம்பியும் அந்த உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவை. போன லீவுக்கு முந்தின லீவில் போனபோது அவள் நாலாம் வகுப்பு, 128. உம்மா கெட்டிக்காரத்தனமாக உச்சியில் பெரிய கொண்டை போட்டு அனுப்பியிருந்தாள். அளவுகோல் அருகே நின்ற பையன் சிரித்துக்கொண்டே கொண்டையை உள்ளங்கையால் அமுக்கி, "அடுத்த தடவை வா பாப்பா" என்று சொல்லிவிட்டான். அடுத்த தடவை என்றால் அவளுக்கு இரண்டு வருஷம். அவர் ஒரு ராட்டினமும் ஏறவில்லை. மகளோடு குட்டி ரயிலில் மூன்று முறை சுற்றிவிட்டு வந்தார்.

அந்த வயசில் பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். போன லீவில் அவள் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தார்கள். 139. ஒரு சென்டிமீட்டருக்காகப் போகவே இல்லை. அவளேதான் வேண்டாம் என்றாள்.

இப்போது கணக்குப் போடுங்கள். நாலாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. அதற்கடுத்த லீவு பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் நம் வீடுகளில் கேபிளையே பிடுங்கிவிடுகிறோம், ராட்டினம் எங்கே? பிறகு பதினொன்று, பன்னிரண்டு, நீட், கவுன்சிலிங். அதற்குப் பிறகு அவளுக்குத் தோழிகளோடு போகத்தான் பிடிக்கும், வாப்பாவோடு பிடிக்காது. ஆக, அந்த மனுசனுக்குக் கையில் இருப்பது எட்டாம் வகுப்பு லீவு ஒன்றுதான். வெளிநாடு போகாத நமக்கும் கணக்கு பெரிதாக மாறாது. 140-ஐத் தொடுவது ஏறக்குறைய ஆறாம் வகுப்பில். ஒன்பது வரை நாலு வருஷம். அதில் வீடு கட்டுகிற வருஷம் ஒன்று போகும், துஷ்டி விழுந்த வருஷம் ஒன்று போகும். ஆச்சியின் முழங்கால் ஒரு வருஷத்தைக் கழிக்கும். மிச்சத்தை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை மச்சான் முதல் முறையாக லீவுக்கு முன்னாலேயே என்னிடம் யோசனை கேட்டார். வழக்கமாக ரம்ஜான் பெருநாளை ஒட்டித்தான் லீவு கேட்பார். பெருநாள் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது. இப்போது பிப்ரவரி, மார்ச் பக்கம், சரியாகப் பிள்ளைக்குப் பரீட்சை நேரத்தில் வந்து நிற்கிறது. நான் மேலே உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். மழை, மின்னல், ஓணம், சுற்றுலா பஸ், ஆடி, புதன்கிழமை. பொறுமையாகக் கேட்டார்.

"பெருநாளைக்கு உம்மா ஏங்கிப்போவும் மச்சான்" என்றார். கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை. "சரி, உம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

போன வாரம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். "லீவு போட்டாச்சு மச்சான். ஜூலை. நீங்க சொன்ன புதன்கிழமைதான். தென்காசியில பாலருவி ஏறி எர்ணாகுளம் போயிருவோம். உம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், பை பாத்துக்கிட ஆளு வேணும்லா?"

அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் எதிர்வீட்டில். நான் திண்ணையில் இருந்தேன். அறுபத்திமூன்று வயசு உம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"பை பாக்கவா நான் கொச்சி வரைக்கும் வாரேன்? ஏட்டி, அந்தப் பென்சில எடு. எனக்கு எம்புட்டு இருக்குன்னு பாரு."

பேத்தி கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, முக்காட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கோடு போட்டாள். 149.